மருத்துவக் கருவித் துறையில் பெரிய நாற்காலிக்குப் போக நினைக்கும் பெண்களுக்கு

பயோமெடிக்கல் முடித்துவிட்டு வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மேடம், அலையாமல் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது இருக்குமா?" வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. தரப் பிரிவு, ரெகுலேட்டரி, டாக்குமென்டேஷன் என்று மூன்று பிரிவுகள், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அங்கே பாதிக்கு மேல் பெண்களாகத்தான் இருப்பார்கள். பத்து வருடம் கழித்து அதே ஆட்கள் போன் செய்து கேட்பது வேறு: "எனக்குக் கீழே டிரெய்னியாக வந்த பையன் இன்றைக்கு பிளான்ட் ஹெட். நான் இன்னும் ஃபைல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கே கோட்டை விட்டேன்?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருக்கும் பத்து வருடத்தில் என்னென்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் சர்வீஸ் இன்ஜினியராக ஆரம்பித்து, தரப் பிரிவில் நிறைய வருடம் இருந்து, இப்போது ஒரு தொழிற்சாலையின் வரவு செலவையும் பார்த்துக்கொள்கிறேன். நேர்வழியில் வரவில்லை, இரண்டு முறை தப்பான பக்கம் திரும்பினேன், அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தத் துறையில் அதிகாரம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, "இந்த பேட்ச் வெளியே போகலாம்" என்று போடுகிற கையெழுத்து. இன்னொன்று, மாதக் கடைசியில் மேசைக்கு வரும் வரவுக் கணக்கு. முதலாவது வரை பெண்களை விடுவார்கள், சொல்லப்போனால் அதை நம் தலையில் கட்டிவிடுவார்கள், ஏனென்றால் அது பொறுப்பான, சலிப்பான, திட்டு வாங்கும் வேலை. இரண்டாவதற்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். நாமாகத்தான் போக வேண்டும்.

படி 1: சட்டத்தை உங்கள் சொந்த ஊர் மாதிரி தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

இந்தியாவில் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இல் வந்தன, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறை. அதற்கு முன்னால் குறிப்பிட்ட சில கருவிகளை மட்டும் மருந்துச் சட்டத்துக்குள் திணித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள், மற்றவற்றை யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். 2020 பிப்ரவரியில் வந்த அறிவிப்பு எல்லாக் கருவிகளையும் வளையத்துக்குள் கொண்டுவந்தது. ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயமானது.

வகுப்பு என்றால் ஆபத்தின் அளவு. பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் ஏ. தெர்மாமீட்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி பி. வென்டிலேட்டர் சி. இதய வால்வு டி. ஏ, பி தயாரிப்பு உரிமம் மாநில அதிகாரி தருவது, சி, டி மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஸ்கோ தருவது. படிவ எண்களில் எம்டி-5 என்றால் ஏ, பி தயாரிப்பு உரிமம், எம்டி-9 என்றால் சி, டி தயாரிப்பு உரிமம், எம்டி-15 இறக்குமதி, எம்டி-42 விற்பனைப் பதிவு. இந்த நாலு எண்ணும் முதல் வாரத்திலேயே நாக்கில் இருக்க வேண்டும்.

இதில் புதிதாக வருகிறவருக்கு என்ன லாபம் என்று கேட்டால், முப்பது வருட அனுபவம் உள்ள பெரியவர்கள் மோல்டிங் மெஷினிலும் விற்பனையிலும் கில்லாடிகள், ஆனால் இந்த விதிகளில் முப்பது வருட அனுபவம் யாருக்குமே கிடையாது. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓட ஆரம்பித்தோம். விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்த இருபத்தைந்து வயதுப் பெண், மீட்டிங்கில் ஐம்பத்தைந்து வயது இயக்குநரைத் திருத்துவதை நான் பார்த்திருக்கிறேன். அவரும் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார். உரிமம் போனால் கம்பெனிக்குப் பூட்டு என்பது அவருக்குத் தெரியும்.

இன்னொரு விஷயத்தை விதியிலேயே தேடிப் பாருங்கள். தயாரிப்பை மேற்பார்வை பார்க்கத் தகுதியுள்ள தொழில்நுட்ப ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது: தொடர்புடைய பிரிவில் இன்ஜினியரிங், பார்மசி அல்லது அறிவியல் பட்டம், கூடவே இரண்டு வருடம் தயாரிப்பிலோ பரிசோதனையிலோ அனுபவம். பரிசோதனைப் பிரிவுக்கும் அதே மாதிரி ஓர் ஆள். டிப்ளமோக்காரர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது, தயாரிப்புப் பக்கம் வருடம்தான் கூடுதல். உங்கள் முதல் இலக்கு அந்த விண்ணப்பத்தில் உங்கள் பெயர் வருவது. அசிஸ்டென்ட் மேனேஜர், சீனியர் எக்ஸிகியூட்டிவ் என்று பெயர்ப்பலகை மாற்றிக் கொடுப்பார்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதில் ஒன்றும் இல்லை. அரசாங்கத்துக்குப் போகும் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

படி 2: முதல் இரண்டு வருடம் மருத்துவமனைக்குப் போங்கள்

இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள், முன்பு நான் சொன்ன தப்பான திருப்பங்களில் முதலாவதும் இதுவே. ஒன்றரை வருடம் சர்வீஸில் இருந்துவிட்டு, "பொண்ணு பஸ்ஸில் ஊர் ஊராய்ப் போகுது" என்று வீட்டில் முணுமுணுத்ததும் அலுவலக வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு மூன்று வருடம் நான் பார்க்காத கருவிகளுக்கு ஆவணம் எழுதினேன். எழுதியதில் பாதி, மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதியது.

அந்த மூன்று வருடத்தை முடித்துவைத்தது ஒரு சிரிஞ்ச் பம்ப், நோயாளிக்கு மருந்தை அளவாக ஏற்றும் கருவி. ஒரே மருத்துவமனையிலிருந்து மூன்று புகார்கள், மூன்றுமே "அலாரம் கேட்கவில்லை". சர்வீஸ் பையன் போய்ப் பார்த்துவிட்டு மூன்று முறையும் "பரிசோதித்தோம், சரியாக இயங்குகிறது" என்று எழுதி மூடிவிட்டான். பொய் இல்லை, நம் பட்டறையில் அது சரியாகத்தான் இயங்கியது. நாலாவது புகார் வந்ததும் நான் கிளம்பிப் போய் ராத்திரி ஐசியுவில் உட்கார்ந்தேன். இரண்டு மணி இருக்கும். பம்பைத் திருப்பிப் பார்த்தால் ஸ்பீக்கர் ஓட்டையின் மேல் மைக்ரோபோர் டேப், மூன்று சுற்று, ஓரம் அழுக்கேறிப் பழுப்பாக இருந்தது. யாரோ நேற்று ஒட்டியதில்லை.

பக்கத்தில் நின்ற சிஸ்டர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. டீ வந்தது, குடித்தோம், அவர் மகளின் பத்தாம் வகுப்பு மார்க் பற்றிப் பேசினோம், அப்புறம் அவராகவே சொன்னார்: "நாலு பெட்டுக்கும் ஒரே சத்தம்மா. மருந்து தீர்ந்ததுக்கும் அதே சத்தம், லைன் அடைச்சதுக்கும் அதே சத்தம், சார்ஜ் குறைஞ்சதுக்கும் அதே சத்தம். மூணாம் பெட் தாத்தா தூங்கவே மாட்டேங்கறார். என்ன செய்ய?" நான் பெண் என்பதால் சொன்னார் என்று நினைக்கவில்லை. மூன்று மணி நேரம் நகராமல் உட்கார்ந்திருந்ததால் சொன்னார்.

அடுத்த வாரக் கூட்டத்தில் வடிவமைப்புப் பிரிவுத் தலைவர் வழக்கம்போல, "அது யூசர் எரர்" என்றார். டேப் ஒட்டிய பம்பின் படத்தைத் திரையில் போட்டேன். கருவிகளின் அலாரத்துக்கென்றே ஐஇசி 60601-1-8 என்று ஒரு தரநிலை இருக்கிறது, எந்த எச்சரிக்கை அவசரம், எது பரவாயில்லை என்று முன்னுரிமை பிரித்து, காதுக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியச் செய்யச் சொல்கிறது. நம் பம்பில் மூன்றுக்கும் ஒரே பீப். மூன்று மாதத்தில் மாற்றினார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வடிவமைப்புக் கூட்டங்களுக்கு எனக்கும் அழைப்பு வர ஆரம்பித்தது, யாரும் பதவி உயர்வு என்று சொல்லவில்லை, ஆனால் அதுதான் என் முதல் பதவி உயர்வு.

ஆகவே செய்ய வேண்டியது: சர்வீஸ், அப்ளிகேஷன் சப்போர்ட், இன்ஸ்டலேஷன், எது கிடைத்தாலும் இரண்டு வருடம். ஆபரேஷன் தியேட்டரில் நில்லுங்கள், இதயக் குழாய்ச் சிகிச்சை நடக்கும் கேத் லேப் வாசலில் நில்லுங்கள், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் சிஎஸ்எஸ்டி பிரிவில் கருவி கழுவுகிறவர் எந்த மூட்டைத் தேய்க்க முடியாமல் பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுக் குடைகிறார் என்று பாருங்கள். சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி பெயர், படம் எதையும் எடுக்காதீர்கள், கருவியை மட்டும் எடுங்கள், அதுவும் கேட்டுவிட்டு.

படி 3: ஐந்து தரநிலைகள் போதும், ஆனால் முழுசாக

கோர்ஸ் கோர்ஸாகச் சேர்ந்து சான்றிதழ் அடுக்காதீர்கள். ஐஎஸ்ஓ 13485 தர மேலாண்மை, ஐஎஸ்ஓ 14971 இடர் மேலாண்மை, மின்கருவி என்றால் ஐஇசி 60601-1, மென்பொருள் இருந்தால் ஐஇசி 62304, பயன்படுத்துகிறவர் தரப்பிலிருந்து பார்க்க ஐஇசி 62366-1. இவ்வளவுதான். அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கூட 2026 பிப்ரவரி முதல் தன் தர விதிகளை 13485-ஐ ஒட்டியே மாற்றிக்கொண்டுவிட்டது, அதனால் அதைக் கரைத்துக் குடித்தால் எந்த ஊருக்கும் போகலாம்.

இவற்றில் எதையாவது ஒன்றைத் தேர்ந்து "இதில் சந்தேகம் வந்தால் அவளிடம் கேள்" என்று ஆகிவிடுங்கள். நான் 14971-ஐப் பிடித்தேன். இடர் ஃபைல் என்பது வேடிக்கையான வஸ்து. ஒரு கருவி என்னென்ன விதத்தில் ஆளைக் கொல்லலாம் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தோம் என்று எழுதுவது. மெக்கானிக்கல்காரர், எலக்ட்ரானிக்ஸ்காரர், மென்பொருள்காரர், டாக்டர், வாங்கும் பிரிவு, எல்லோரும் வந்து உட்கார்ந்தால்தான் எழுத முடியும். அதை நடத்துகிறவருக்கு ஒரே வருடத்தில் கருவியின் தலை முதல் கால் வரை தெரிந்துவிடும். கம்பெனியில் வேறு யாருக்கும் அப்படித் தெரியாது, எல்லோருக்கும் அவரவர் துண்டு மட்டும் தெரியும்.

புகார் ஃபைலையும் விடாதீர்கள். யார் அதைப் படிக்கிறார்கள் என்பது வெறும் அலுவலக விவகாரம் இல்லை. பெண்களுக்குச் சிறுநீர்ப்பை, கருப்பை போன்ற இடுப்பு உறுப்புகள் கீழிறங்குவதைத் தடுக்கப் பிறப்புறுப்பு வழியாக வைத்த வலைகளைப் பற்றி வலி, ரத்தக்கசிவு என்று வருடக்கணக்கில் புகார்கள் குவிந்துகொண்டே இருந்தன, அந்தச் சிகிச்சைக்கான வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொல்லி எஃப்டிஏ உத்தரவிட்டது 2019 ஏப்ரலில்தான். நம் ஊரில் கருவிகளால் நேரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015-இலிருந்து மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது, காஸியாபாதில் உள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. உங்கள் கம்பெனியில் இதற்குத் தொடர்பாள் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரும் கையைத் தூக்க மாட்டார்கள். தூக்கிவிடுங்கள்.

படி 4: ஆடிட்டில் முன் அறைக்கு மாறுங்கள்

ஆடிட் நாட்களில் இரண்டு அறை இருக்கும். முன் அறையில் ஆடிட்டரும் பதில் சொல்கிறவர்களும். பின் அறையில் கேட்ட ஃபைலைத் தேடி, பக்கம் சரிபார்த்து, கொடி ஒட்டி அனுப்புகிறவர்கள். எனக்குத் தெரிந்து பின் அறையில் எப்போதும் பெண்கள், முன் அறை நாற்காலியில் எப்போதும் "சார்". பின் அறையில் இருந்தால்தான் ஆடிட் பாஸ் ஆகும், ஆனால் பின் அறையில் இருந்தவரை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

என் முதல் ஆடிட்டில் முன் அறையில் நாற்காலி கிடைத்தும் வாயைத் திறக்க முடியவில்லை. கேள்வி என்னிடம் வந்தது, பதில் நிர்வாக இயக்குநரிடமிருந்து போனது. பாவம், உதவி செய்வதாக நினைத்தார். ஸ்டெரிலைசேஷன் வேலிடேஷன் பற்றிக் கேட்டதற்கு ஞாபகத்திலிருந்து ஒரு வெப்பநிலையைச் சொன்னார், ஆவணத்தில் வேறு இருந்தது, நமக்கு ஒரு குறைபாடு எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த ஆடிட்டுக்கு ஒரு வாரம் முன்பு அவர் அறைக்குப் போய், "சார், என் பிரிவுக் கேள்விகளுக்கு நான் மட்டும் பதில் சொல்கிறேன், மாட்டிக்கொண்டால் உங்களைப் பார்க்கிறேன், பார்க்காத வரை நீங்கள் பேச வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன், நிம்மதியானார்.

முன் அறையில் பேச மூன்று பழக்கம் போதும். கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ஞாபகத்திலிருந்து எண் சொல்லாதீர்கள், "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது அவமானம் இல்லை. தப்பு தப்புதான் என்றால் ஒப்புக்கொண்டு, எப்போதிலிருந்து, எத்தனை பேட்ச், என்ன செய்யப்போகிறோம் என்று அங்கேயே சொல்லுங்கள். ஆடிட்டர் உங்களை விடச் சின்னவராகக்கூட இருப்பார், பயப்பட ஒன்றுமில்லை.

படி 5: கையெழுத்தை வாங்குங்கள், ஆனால் காகிதத்தோடு வாங்குங்கள்

பேட்ச் ரிலீஸ் கையெழுத்து உங்கள் கைக்கு வரும் நாளில் கூடவே நெருக்கடியும் வரும். மார்ச் 31 மாலை, வண்டி வாசலில் நிற்கிறது, ஸ்டெரிலிட்டி ரிப்போர்ட் நாளைதான் வரும், "ஒரு கையெழுத்துதானே" என்பார்கள். போட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க போடச் சொல்வார்கள். அதனால் பொறுப்பை ஏற்கும்போதே எழுத்தில் கேளுங்கள்: நிறுத்தும் அதிகாரம் எனக்கு உண்டா, நான் நிறுத்தியதை யார் மாற்றலாம், மாற்றினால் அவர் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போடுவாரா. மூன்றாவது கேள்வியைக் கேட்டதுமே பாதி நெருக்கடி குறைந்துவிடும்.

ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனி என்றால் இன்னும் நல்லது. 2021 மே 26 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதிகளின் 15-ஆம் பிரிவு, ஒழுங்குமுறைக்குப் பொறுப்பான நபர் ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. உரிய பட்டமும் ஒரு வருட அனுபவமும், அல்லது பட்டம் இல்லாமல் நாலு வருட அனுபவம். தன் கடமையைச் சரியாகச் செய்ததற்காக அந்த நபருக்குக் கம்பெனிக்குள் எந்தப் பாதகமும் வரக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்சடித்து மேசை டிராயரில் வைத்திருக்கிறேன், வெளியே எடுக்க வேண்டி வந்தது ஒரே ஒரு முறை.

படி 6: பணத்தின் பக்கம் நகருங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறோம். என் இரண்டாவது தப்பான திருப்பமும் இங்கேதான். விற்பனைப் பிரிவில் ஒரு மண்டலத்தைப் பார்த்துக்கொள்ளக் கேட்டார்கள், "எனக்கு டார்கெட் எல்லாம் சரிப்படாது சார்" என்று நானே சொல்லிவிட்டேன். பெரியவளுக்கு அப்போது மூன்று வயது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. மறுபடி அந்த வாய்ப்பு வர ஆறு வருடம் ஆனது.

தரப் பிரிவை எவ்வளவு திறமையாக நடத்தினாலும் கணக்குப் புத்தகத்தில் அது செலவு. செலவை நன்றாக நடத்துகிறவருக்குப் பாராட்டு கிடைக்கும், வரவை நடத்துகிறவருக்குத்தான் கம்பெனி கிடைக்கும். அமெரிக்காவின் ஆபட் நிறுவனத்தில் மருத்துவக் கருவிப் பிரிவுக்கு 2019-இல் பொறுப்பேற்ற லிசா எர்ன்ஹார்ட்டின் பாதையைப் பாருங்கள், படித்தது இன்ஜினியரிங், ஆனால் வளர்ந்தது விற்பனையும் மார்க்கெட்டிங்கும் பார்த்து, பிறகு ஒரு சின்ன காது-மூக்கு-தொண்டைக் கருவி நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்து, அப்புறம்தான் அங்கே போனார்.

உடனே விற்பனைக்குத் தாவ வேண்டாம். முதலில் உங்கள் பிரிவை ரூபாயில் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். "ரிஜெக்‌ஷன் குறைந்திருக்கிறது" என்று சொல்வதற்குப் பதில், "மாதம் 50,000 கதீட்டர், கழிவு நூற்றுக்கு நாலிலிருந்து இரண்டுக்கு வந்தது, ஒன்றின் அடக்கவிலை 60 ரூபாய், மாதம் 60,000 ரூபாய் மிச்சம்" என்று சொல்லிப் பாருங்கள். நிதிப் பிரிவுக்காரர் முதல் முறையாக உங்கள் பக்கம் தலையைத் திருப்புவார்.

அடுத்து டெண்டர். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்தின் டெண்டர் ஆவணம் ஒன்றை எடுத்து முழுசாகப் படியுங்கள். தொழில்நுட்ப நிபந்தனைகள் நம் ஆள் எழுதும் ஆவணங்களிலிருந்துதான் பூர்த்தி ஆகும், அதில் ஒரு வரி தவறினால் விலையைத் திறக்காமலேயே தூக்கிப் போடுவார்கள். டெண்டரில் தொழில்நுட்பப் பகுதியை நீங்கள் எடுத்துக்கொண்டால் விற்பனைக்காரர்கள் உங்களைத் தேடி வருவார்கள். பெரிய கருவிகளில் விலையில் பெரிதாக ஒன்றும் நிற்காது, உத்தரவாதம் முடிந்தபின் வரும் ஏஎம்சி, சிஎம்சி என்ற பராமரிப்பு ஒப்பந்தங்களில்தான் லாபம் நிற்கும் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் புரியும்.

ஆறு வருடம் கழித்து நான் மண்டலத்தை எடுத்துக்கொண்ட முதல் மாதம், ஒரு மருத்துவமனைக் கொள்முதல் அறையில் வயதானவர் ஒருவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சார் யாரும் வரலையா?" என்று கேட்டார். கூட வந்த ஜூனியர் பையன் எழுந்து நின்றுவிட்டான், அவன்தான் சாரோ என்று அவனுக்கே சந்தேகம் வந்த மாதிரி. "சார் இல்லைங்க, விலையை நான்தான் முடிவு பண்ணணும், இப்பவே பேசிடலாமா?" என்றேன். அவர் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டார். விலை முடிவு செய்கிறவர் யார் என்பதில் மட்டும்தான் அவருக்கு அக்கறை, நாம் நினைப்பது போல் எல்லா இடத்திலும் பகை இருப்பதில்லை. சில இடத்தில் இருக்கும், அதற்கு அடுத்த படி.

டாக்டர்களுக்கு அன்பளிப்பு, வெளிநாட்டுச் சுற்றுலா என்று பழைய பழக்கம் கேட்டால் 2024-இல் மருந்துத் துறை கருவிகளுக்கென்று வெளியிட்ட சந்தைப்படுத்தல் நெறிமுறையைக் காட்டுங்கள். விற்பனைக்குப் புதிதாக வரும் பெண்ணுக்கு இது ஒரு வகையில் வரம், ராத்திரி பார்ட்டிகளில் உட்கார்ந்து நட்பு வளர்க்க வேண்டிய அவசியம் முன்னைவிடக் குறைவு.

படி 7: பயணமும் பிள்ளையும்

பயணத்தில் ஏதாவது நடந்தால் "அது ஆபீஸுக்கு வெளியே" என்று கைகழுவப் பார்ப்பார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை நிமித்தம் போகும் எந்த இடமும் பணியிடம்தான், மருத்துவமனை, கண்காட்சி அரங்கு, கம்பெனி ஏற்பாடு செய்த வண்டி உட்பட. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் உள் விசாரணைக் குழு கட்டாயம், புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்த முதல் மாதமே பார்த்துவையுங்கள்.

பேறுகால விடுப்பு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் குழந்தைகள் காப்பகம். இதெல்லாம் சட்டம், கிடைத்துவிடும். கிடைக்காதது வேறு: திரும்பி வரும்போது பழைய நாற்காலி. அதனால் போவதற்கு முன் எதை விட்டுக்கொடுக்க வேண்டும், எதைக் கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தினசரி வேலைகளை எல்லாம் கொடுத்துவிடுங்கள். உரிமத்தில் இருக்கும் உங்கள் பெயரையும், நீங்கள் நடத்தும் இடர் ஃபைலையும் "தற்காலிகப் பொறுப்பு" என்று தேதி போட்டு, திரும்பும் நாளையும் எழுதி ஒப்படையுங்கள். வாய்மொழியாகக் கொடுத்த எதுவும் திரும்பி வருவதில்லை.

மாமியார், அம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று யாரிடம் எவ்வளவு உதவி வாங்கலாம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

படி 8: சொந்தமாக ஆரம்பிக்க நினைத்தால்

சுருக்கமாக. கீதா மஞ்சுநாத் பெங்களூருவில் 2016-இல் நிரமயியைத் தொடங்கியபோது அவர் கணினி அறிவியலில் முனைவர், பெரிய நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர். உறவுக்காரப் பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது தூண்டுதல், வெப்பப் படத்தையும் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்துத் தொடாமல் கண்டறியும் முறை அவர் கொண்டுவந்தது. அமெரிக்காவில் சுர்பி சர்னா, பதிமூன்று வயதில் சினைப்பைக் கட்டியால் அவதிப்பட்டவர், சினைப்பைப் புற்றுநோயைக் கண்டறிய உதவும் கதீட்டருக்காக என்விஷன் நிறுவனத்தைத் தொடங்கினார், 2018-இல் பாஸ்டன் சயன்டிஃபிக் அதை வாங்கியது. இருவருக்கும் நோய் வீட்டுக்குள்ளேயே தெரிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள்.

முதல் பணத்துக்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப நிறுவனமான பைராக் தரும் 'பிக்' மானியம், 50 லட்சம் ரூபாய் வரை. மின்காந்தப் பரிசோதனைக்குச் சென்னை தரமணியில் சமீர் ஆய்வகம், துணி சார்ந்த பொருளுக்குக் கோவையில் சிட்ரா ஆராய்ச்சி நிலையம், பல பரிசோதனைகளை ஒரே வளாகத்தில் முடிக்க விசாகப்பட்டினம் மெட்டெக் மண்டலம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் இதய வால்வு செய்து 1990-இல் முதல் நோயாளிக்கு வைத்தார்கள், கருவி செய்கிறவர் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம். ஆனால் வேலையில் ஐந்து வருடமாவது இருந்துவிட்டு ஆரம்பியுங்கள் என்பதே என் கட்சி, அடுத்தவர் காசில் செய்யும் தப்பு மலிவு.

படி 9: நாற்காலியில் உட்கார்ந்த பிறகு முதல் மாதம்

தொழிற்சாலையை நடத்தும் பொறுப்பு வந்ததும் எல்லோரும் விற்பனைக் கணக்கைத்தான் முதலில் திறப்பார்கள். நீங்கள் தூசி நுழையாமல் காக்கும் கிளீன் ரூமுக்குள் போங்கள், கவுன் மாட்டிக்கொண்டு, ஒரு முழு ஷிஃப்ட். நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அசெம்பிளி மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மதுரையில் 1992-இலிருந்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்துவரும் ஆரோலேபின் வேலையும் சுற்றுக் கிராமத்துப் பெண்களின் கையில்தான் நடக்கிறது, அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. மேசையில் பெண்கள், மேற்பார்வையில் ஆண்கள் என்று உங்கள் இடத்தில் இருந்தால், அடுத்த லைன் சூப்பர்வைசர் யார் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் இப்போது உங்களுடையது. பட்டம் இல்லை என்று சொல்வார்கள். டிப்ளமோ படிக்க ஒருவருக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, அதைப் பயிற்சிச் செலவில் எழுதுங்கள்.

நான் பொறுப்பேற்ற மாதம் அப்படி உட்கார்ந்தபோது பார்த்தது இது. கவுன் எல்லாம் ஒரே அளவு, ஆறடி ஆளுக்குத் தைத்தது. பெண்கள் கையை இரண்டு மடிப்பு மடித்து, மடிப்பின் மேல் டேப் சுற்றி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த லைனில் துகள் எண்ணிக்கை ஏன் அவ்வப்போது ஏறுகிறது என்று எட்டு மாதமாக கேப்பா, அதாவது குறையின் காரணத்தைக் கண்டு திருத்தும் ஃபைல், திறந்தே கிடந்தது, ஏசி ஃபில்டரை மாற்றினார்கள், கதவு ரப்பரை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. "ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னோம் மேடம், இதுதான் ஸ்டாக்னு சொன்னாங்க" என்றாள் ஒருத்தி, டேப்பைப் பல்லால் கிழித்தபடி. நல்லவேளை, மாஸ்க்கைக் கீழே இறக்கியதை ஆடிட்டர் யாரும் பார்க்கவில்லை.

சின்ன அளவில் நாற்பது கவுன் ஆர்டர் போட்டோம். இரண்டு மாதத்தில் கேப்பாவை மூடினோம்.